பனியில்லா ஊரில் ஒரு பனிப் பாடம்



அரியலூர் மாவட்டத்து ஆலத்தியூர்ப் பக்கம் நீங்கள் வந்ததுண்டா? சுண்ணாம்புக்கல் பூமி. சிமெண்ட் ஆலையின் புகைபோக்கி தொலைவிலேயே தெரியும். கல் வெட்டிய பள்ளங்கள், புழுதி படிந்த கருவேல மரங்கள், பருத்தி, சோளம், கம்பு விளையும் காடுகள். சித்திரை வெயிலில் நிழல் தேடி ஓடவேண்டும். மார்கழி விடியலில் புல் நுனியில் துளித்துளியாகப் பனி நிற்கும். வெயில் ஏறியதும் அதுவும் மறைந்துவிடும். 'பனி' என்றால் இங்கு அவ்வளவுதான். ஆலங்கட்டி மழைகூட எப்போதோ ஒருமுறை வரும் அதிசயம்.

இப்படிப்பட்ட ஊரில், இமயமலையில் எப்போது வெண்பனி பொழியும், எந்தச் சரிவில் பனி இடிந்து விழும் என்று கணிக்கும் கலையைப் பற்றிப் பேசினால் என்ன ஆகும்? வகுப்பில் பின் பெஞ்சிலிருந்து ஒரு கை உயரும். "சார், நம்ம ஊருக்கு இது எதுக்கு?"

நல்ல கேள்வி. இந்தக் கேள்வியை அடக்கிவிடக் கூடாது. பதில் சொல்ல வேண்டும். 'தேர்வுக்கு வரும்' என்பது பதில் ஆகாது. பனியைக் கணிக்கும் அறிவியல் ஆலத்தியூர் மாணவனுக்கும் வேண்டியதே என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை. ஆனால், முழுவதும் படித்துவிட்டு மறுங்கள்!

உங்கள் தலைக்கு மேலே ஒரு பனி எல்லை

முதலில் ஒரு சிறு கணக்கு. தரையிலிருந்து மேலே போகப் போகக் காற்றின் வெப்பநிலை குறைகிறது என்பது உங்களுக்குத் தெரியும். சராசரியாக ஒவ்வொரு கிலோ மீட்டர் உயரத்துக்கும் 6.5 டிகிரி சென்டிகிரேடு குறைகிறது. ஆலத்தியூரில் ஒரு பகலில் 30 டிகிரி வெப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு உயரத்தில் அது சைபர் டிகிரி ஆகும்? 30ஐ 6.5ஆல் வகுங்கள். ஏறத்தாழ 4.6 கிலோ மீட்டர்!

அதாவது, நீங்கள் வியர்வை சொட்ட நின்றுகொண்டிருக்கும் அதே இடத்தில், தலைக்கு நேர் மேலே ஐந்து கிலோ மீட்டர் தூரத்துக்குள், நீர் உறையும் குளிர் இருக்கிறது. ஆலத்தியூரிலிருந்து அரியலூருக்குப் போகும் தூரம்கூட இல்லை! இடி முழக்கத்தோடு எழும் பெரிய மழைமேகங்கள் இந்த எல்லையைத் தாண்டி 10, 12 கிலோ மீட்டர் உயரம்வரைகூட வளர்கின்றன. அவற்றின் மேற்பகுதி முழுவதும் பனிப் படிகங்களே. அந்தப் படிகங்கள் கீழே விழும்போது வழியில் உருகி, மழைத்துளியாகி, நம் ஊர்க் கூரையில் விழுகின்றன.

ஆகவே, புரட்டாசி மாதத்து இடிமழையில் நீங்கள் நனைந்தபோது, உங்கள் மேல் விழுந்த துளிகளில் பல சிறிது நேரத்துக்கு முன் பனியாக இருந்தவையே. நமக்கும் காஷ்மீரத்துக்கும் உள்ள வேறுபாடு மேலே இல்லை, கீழேதான். அங்கே தரை அந்த எல்லையை எட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இங்கே தரை தாழ்ந்து கிடக்கிறது. மேகத்தின் விதி இரண்டு இடத்துக்கும் ஒன்றே.

மேற்கிலிருந்து வரும் விருந்தாளி

நமக்கு மழை தருவது வடகிழக்குப் பருவக் காற்று. அது வங்கக் கடலிலிருந்து வருகிறது. குளிர்காலத்தில் இமயமலைக்குப் பனி தருவது எது? அதற்கு 'மேற்கத்திய இடையூறு' என்று பெயர். பெயரைக் கேட்டால் ஏதோ தொல்லை என்று தோன்றும். உண்மையில் அது வட இந்தியாவுக்கு ஒரு வரப்பிரசாதம்.

மத்தியதரைக் கடல், காஸ்பியன் கடல் பகுதிகளில் தோன்றும் காற்றழுத்தத் தாழ்வுகள், உயரத்தில் வீசும் மேலைக் காற்றோட்டத்தில் ஏறிக்கொண்டு ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக இமயத்தை வந்தடைகின்றன. மார்கழி, தை, மாசி மாதங்களில், மாதத்துக்கு நான்கைந்து இவ்வாறு வருவது வழக்கம். மலைச் சரிவில் மோதிய ஈரக் காற்று மேலே தள்ளப்படுகிறது, குளிர்கிறது, வெண்பனியாகப் பொழிகிறது.

இப்பனி வெறும் காட்சிப் பொருள் அன்று. ஜீலம், செனாப், சிந்து ஆகிய ஆறுகளுக்கு அது சேமிப்புக் கணக்கு. குளிர்காலத்தில் போட்டு வைத்த நீரை வெயில் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளலாம். பஞ்சாபின் கோதுமை வயலும், காஷ்மீரின் ஆப்பிள் தோட்டமும் இந்தக் குளிர்காலத்தை நம்பியே இருக்கின்றன. பெரம்பலூர் கடைவீதியில் நீங்கள் வாங்கும் ஆப்பிளுக்குள் மத்தியதரைக் கடலின் ஈரம் ஒரு துளி இருக்கலாம்!

காஷ்மீரத்தில் குல்மார்க் என்றோர் ஊர். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனிச்சறுக்கு விளையாட்டுக்குப் பேர்போனது. 2024ஆம் ஆண்டு ஜனவரியில், அங்கே பனி நிறைந்திருக்க வேண்டிய சரிவுகள் காய்ந்த புல்லோடு பழுப்பு நிறமாகக் கிடந்தன. விருந்தாளி வரவில்லை. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடக்க இருந்த 'கேலோ இந்தியா' குளிர்கால விளையாட்டுப் போட்டிகளும் பனி போதாமல் மார்ச் மாதத்துக்குத் தள்ளிப்போயின. சறுக்க வந்தவர்களுக்கு ஏமாற்றம். அது சிறிய இழப்பு. குதிரைக்காரரும், சறுக்கு வண்டி இழுப்பவரும், விடுதியில் சமைப்பவரும் வருமானம் இழந்தார்கள். இது பெரிய இழப்பு. ஐப்பசியில் மழை பொய்த்தால் நம் ஊர் விவசாயி வானத்தைப் பார்ப்பது போலவே அவர்களும் வானத்தைப் பார்த்தார்கள்.

மலை ஏன் கணக்குக்கு அடங்குவதில்லை?

'மழை வரும் என்கிறார்கள். வெயில் அடிக்கிறது' என்று வானிலை நிபுணரைக் கேலி செய்வது நம்மிடையே ஒரு பொழுதுபோக்கு. அவர் வேலை எவ்வளவு கடினம் என்று ஒரு முறை பாருங்கள்.

லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கில விஞ்ஞானி முதல் உலகப் போரின்போது பிரான்சில் காயம்பட்டோரை ஏற்றிச் செல்லும் வண்டி ஓட்டினார். ஓய்வு நேரத்தில், காற்றின் இயக்கத்துக்கான சமன்பாடுகளைக் கையாலேயே போட்டு வானிலையைக் கணிக்க முயன்றார். ஐரோப்பாவின் ஒரு பகுதிக்கு ஆறே மணி நேரத்துக்கான கணிப்பு. அதை முடிக்கப் பல வாரங்கள் ஆயின. விடையோ படுதோல்வி! ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் மாறும் என்று வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய மாறவே இல்லை. அவர் அந்தத் தோல்வியை மறைத்தாரா? இல்லை. 1922இல் அப்படியே நூலாக வெளியிட்டார். அந்த நேர்மைதான் பின்வந்தவர்களுக்கு வழிகாட்டியது. 1950இல் அமெரிக்காவில் எனியாக் என்ற கணிப்பொறியைக் கொண்டு முதன்முதலாகக் கணிப்பொறி முறையில் வானிலை கணக்கிடப்பட்டது.

இன்று நம் நாட்டு வானிலைத் துறை மாபெரும் கணிப்பொறிகளைப் பயன்படுத்துகிறது. 2025ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கப்பட்ட 'பாரத் முன்னறிவிப்பு முறை', நாட்டை ஆறு ஆறு கிலோ மீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. ஆலத்தியூரைச் சுற்றி ஆறு கிலோ மீட்டருக்குள் நில மட்டம் எவ்வளவு மாறும்? சில பத்து மீட்டர். ஆனால் இமயத்தில் அதே ஆறு கிலோ மீட்டருக்குள் ஓர் ஆழப் பள்ளத்தாக்கும் இரண்டு கிலோ மீட்டர் உயர்ந்த சிகரமும் அடங்கிவிடும். கீழே மழை, நடுவில் சேறும் பனியும் கலந்த கூழ், மேலே தூள் பனி. மூன்றுக்கும் சேர்த்துக் கட்டம் ஒன்றே!

இன்னொரு சிக்கல். நாம் போட்ட கணக்கை இங்கேயும் போடுங்கள். வெப்பநிலையைக் கணிப்பதில் இரண்டே டிகிரி தவறு நேர்ந்தால், மழை பனியாக மாறும் எல்லை எவ்வளவு தள்ளிப் போகும்? ஏறத்தாழ 300 மீட்டர். ஓர் ஊரே மழைக்குள்ளோ பனிக்குள்ளோ போய்விடும். நம் ஊரில் 30 டிகிரி என்று சொல்லி 32 ஆனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். மலையில் அந்த இரண்டு டிகிரியில்தான் எல்லாம் இருக்கிறது.

ராடார் வைத்துப் பார்க்கலாமே என்பீர்கள். வைத்திருக்கிறார்கள். உத்தராகண்டத்து முக்தேசுவரத்திலும் இமாசலத்துக் குஃப்ரியிலும் 2021இல் ராடார்கள் இயங்கத் தொடங்கின. ஆனால் ராடார் கதிர் நேர்க்கோட்டில் செல்வது. மலை குறுக்கே நின்றால் அதற்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஆகவே மலைக்கு மலை, பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு கருவி வேண்டும். கருவியைக் காக்க ஆளும் வேண்டும்.

குழி வெட்டிப் படிக்கும் புத்தகம்

இனிமேல்தான் ஆலத்தியூர் மாணவனுக்குச் சொந்தமான பாடம் வருகிறது.

சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளத்தின் ஓரத்தைப் பார்த்திருப்பீர்கள். கோடு கோடாக, அடுக்கு அடுக்காக இருக்கும். ஒவ்வோர் அடுக்கும் ஒரு காலம். ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியைக் கடல் மூடியிருந்தது. அக்கடலின் அடியில் படிந்த சேறும் சிப்பியும் கல்லாக இறுகின. சுருள் ஓடு கொண்ட அம்மோனைட்டு என்ற உயிரினத்தின் புதைபடிவங்களை இங்கே எடுத்திருக்கிறார்கள். புவியியல் அறிஞர் அந்த அடுக்குகளைக் கீழிருந்து மேலாகப் படித்து, கடல் எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று சொல்லிவிடுகிறார்.

பனி விஞ்ஞானியும் இதையேதான் செய்கிறார். சரிவில் பாதுகாப்பான ஓர் இடத்தில் தரைவரை குழி வெட்டுகிறார். குழியின் சுவரைச் சீவி நேராக்குகிறார். அங்கே அடுக்கு அடுக்காகப் பனி. இது டிசம்பர் முதல் வாரத்துப் பனி. இது நடுவில் வெயில் அடித்து உருகி மீண்டும் உறைந்த ஓடு. இது காற்று அடித்துக் கொண்டுவந்து குவித்த பனி. அவர் கையில் தெர்மா மீட்டரும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் இருக்கும். ஒவ்வோர் அடுக்கின் வெப்பநிலை, எடை, கடினம், படிகத்தின் வடிவம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறார். நம் ஊர்ப் பள்ளத்தில் எழுதியிருப்பது கோடி ஆண்டுக் கதை. பனிக் குழியில் எழுதியிருப்பது ஒரே குளிர்காலத்தின் கதை. எழுத்து முறை ஒன்றே.

அக்கதையில் ஒரு வில்லன் உண்டு. பனி மெல்லியதாகவும் குளிர் கடுமையாகவும் இருக்கும்போது அவன் பிறக்கிறான். பனிக்கு அடியில் உள்ள தரை ஏறத்தாழ சைபர் டிகிரியில் இருக்கும். மேல்பரப்பு இரவில் மைனஸ் 15 டிகிரிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பனியின் தடிமன் மூன்று மீட்டர் என்றால், மீட்டருக்கு 5 டிகிரிதான் வேறுபாடு. ஆனால் தடிமன் அரை மீட்டர்தான் என்றால்? மீட்டருக்கு 30 டிகிரி! வேறுபாடு மீட்டருக்கு 10 டிகிரியைத் தாண்டினால், அடியிலிருந்து நீராவி கிளம்பி மேலே செல்கிறது. வழியில் பனிப் படிகங்களின் மேல் மீண்டும் உறைந்து, அவற்றைப் பட்டை தீட்டிய பெரிய பரல்களாக மாற்றுகிறது. இவை ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. கையில் எடுத்தால் சர்க்கரை போல உதிரும்.

இப்போது சாய்வான பலகை ஒன்றின் மேல் கேழ்வரகைப் பரப்பி, அதன்மேல் ஒரு கனமான பலகையை வைத்துப் பாருங்கள். என்ன ஆகும்? வழுக்கும் அல்லவா? உதிரிப் பரல் அடுக்கின் மேல் புதுப் பனி கனமாக விழுந்தால் நடப்பதும் அதுவே. பலகை போல இறுகிய மேல் அடுக்கு முழுவதும் ஒரே நொடியில் விரிசல் விட்டுக் கிளம்பிவிடும். இதுவே பனிச்சரிவு. பெரும்பாலான சரிவுகள் 30 டிகிரி முதல் 45 டிகிரி வரை சாய்ந்த மலைப்பக்கங்களில் நேர்கின்றன. ஒரு மனிதனின் காலடி, ஒரு சறுக்குக் கட்டையின் அழுத்தம், அதைத் தட்டி எழுப்பப் போதும்.

பனி குறைந்த குளிர்காலம் பாதுகாப்பானது என்று நினைத்தோம், அது தவறு! முன்பனி மெல்லியதாக விழுந்து, நாள் கணக்கில் வெறும் குளிர் வாட்டி, பிறகு கனத்த பனி வந்தால் அதுவே மோசமான நிலை. கண்ணுக்குத் தெரியும் மேல்பரப்பு அழகாக இருக்கும். ஆபத்து அடியில் ஒளிந்திருக்கும். ஆகவே, வானத்தைக் கணித்தால் மட்டும் போதாது. தரையில் கிடக்கும் பனியின் பழைய வரலாறும் தெரிய வேண்டும்.

எடையையும் பார்த்துவிடுவோம். புதுப் பனி பத்துச் சென்டி மீட்டர் உருகினால் ஏறத்தாழ ஒரு சென்டி மீட்டர் நீர் கிடைக்கும். ஒரு மீட்டர் பனி என்றால் பத்துச் சென்டி மீட்டர் நீர். ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோ. ஆலத்தியூர்க் கணக்கில், சதுர மீட்டருக்கு இரண்டு சிமெண்ட் மூட்டை. நூறு மீட்டர் நீளமும் நூறு மீட்டர் அகலமும் உள்ள ஒரு சரிவில் இருபதாயிரம் மூட்டை! அது ஒன்றாகக் கிளம்பி வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

எச்சரிக்கை வந்தது, பிறகு?

சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகருக்கு மேலே, 1936இல் ஒரு மரக்குடிலில் சில விஞ்ஞானிகள் பனியை ஆராயத் தொடங்கினார்கள். அங்கே வளர்ந்த ஆராய்ச்சி நிலையம் 1945 முதல் பொதுமக்களுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிட்டு வருகிறது. நம் நாட்டில் 1969இல் மணாலியில் பனி, பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையைச் சேர்ந்த அது, 2020இல் வேறோர் ஆய்வகத்தோடு இணைந்து, இப்போது சண்டிகரிலிருந்து புதிய பெயரில் இயங்குகிறது. மலைப் பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை தருவது அதன் பணிகளுள் ஒன்று.

நமக்கும் அதற்கும் என்ன உறவு என்றா கேட்கிறீர்கள்? 2016 பிப்ரவரி 3ஆம் நாள், சியாச்சென் பனியாற்றில், ஏறத்தாழ 6,000 மீட்டர் உயரத்தில் இருந்த சோனம் காவல் முகாமின் மேல் பெரும் பனிச்சுவர் சரிந்தது. மதராஸ் ரெஜிமெண்டின் 19ஆவது பட்டாளத்தைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். ஆறு நாளுக்குப் பின் லான்ஸ் நாயக் அனுமந்தப்பா உயிரோடு எடுக்கப்பட்டார். ஆனால் பிப்ரவரி 11 அன்று அவரும் மறைந்தார். அந்தப் பத்துப் பேரில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகள். அவர்கள் பள்ளியில் படித்தபோது, 'பனி நம் ஊருக்கு எதற்கு?' என்று யாரேனும் கேட்டிருந்தால் அவர்களும் சிரித்திருப்பார்கள் அல்லவா? உங்கள் வகுப்பில் இருந்தும் நாளை ஒருவர் அங்கே போய் நிற்கக்கூடும்.

அடுத்த நிகழ்ச்சி இன்னும் சிந்திக்கத் தக்கது. 2025 பிப்ரவரி 28 அன்று, உத்தராகண்டத்தில் மானா கிராமத்துக்கு அருகே சாலைப் பணியாளர் முகாமின் மேல் பனிச்சரிவு விழுந்தது. 54 பேர் சிக்கினார்கள். இராணுவத்தினர் இரவு பகலாக உழைத்து 46 பேரைக் காப்பாற்றினார்கள். எட்டுப் பேர் இறந்தார்கள். இதற்கு முதல் நாள் மாலையே, அந்த மாவட்டத்தில் 2,400 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியாகியிருந்தது!

அறிவியல் தன் வேலையைச் செய்தது. ஆனால் எச்சரிக்கை என்பது காகிதத்தில் முடிவதில்லை. அது பல மாநிலங்களிலிருந்து கூலிக்கு வந்து கூடாரத்தில் தூங்கும் தொழிலாளியின் காதுக்கு, அவன் மொழியில், அவன் எழுந்து வேறிடம் போகக்கூடிய நேரத்தில் எட்ட வேண்டும். போகச் சொன்னால் போவதற்கு ஓர் இடமும் வேண்டும். அன்றைய கூலி போகாது என்ற உறுதியும் வேண்டும். இவற்றில் எது இல்லாவிட்டாலும் கணிப்பு பாதிக் கிணறுதான்.

நம் மண்ணிலேயே இதற்குப் பழைய சாட்சி உண்டு. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஓடும் மருதையாற்றை நீங்கள் அறிவீர்கள். வெயிலில் மணல் மட்டும் கிடக்கும் ஆறு. 1956 நவம்பர் 23 அன்று, பெருமழையில் அந்த ஆறு பொங்கிப் பாலத்தைச் சிதைத்தது. தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அதில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரெயில்வே அமைச்சராக இருந்த லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அன்று வேண்டியிருந்தது என்ன? ஆற்றில் வெள்ளம் ஏறுகிறது என்ற ஒரு செய்தி, எஞ்சின் ஓட்டுநருக்கு எட்டியிருக்க வேண்டும். அவ்வளவுதான். பனியானாலும் வெள்ளமானாலும் பாடம் ஒன்றே.

செய்தி எட்டினால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. 1999இல் ஒரிசாவைத் தாக்கிய பெரும் புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013இல் அதே கரையை பைலின் புயல் கடுமையாகத் தாக்கியது. முன்கூட்டியே பத்து லட்சம் பேர் அளவில் அப்புறப்படுத்தப்பட்டிருந்தார்கள். இறந்தோர் தொகை சில பத்துகளோடு நின்றது. புயல் மாறவில்லை. கேட்கும் முறையும் செயல்படும் முறையும் மாறின.

சதவிகிதம் என்பதும் ஒரு மொழி

'கணிப்பு பல முறை பொய்க்கிறதே, எப்படி நம்புவது?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான தடை இது.

முன்னறிவிப்பு சோதிடம் அன்று. 'நாளை 30 சதவிகித வாய்ப்பு' என்று சொன்னால், 'பெய்யாது' என்று பொருள் இல்லை. இதே போன்ற பத்து நாட்களில் மூன்று நாள் பெய்யும் என்பதே பொருள். அந்த மூன்றில் ஒன்று நாளையாக இருக்கலாம். அப்படிச் சொன்ன பத்து நாளிலும் பெய்யவே இல்லை என்றால்தான் கணித்தவர்மேல் ஐயம் கொள்ள வேண்டும். ஒரு நாளை வைத்துத் தீர்ப்புச் சொல்வது, ஒரே பந்தை வைத்துக் கிரிக்கெட் வீரரை எடைபோடுவது போலாகும்.

பனிச்சரிவு ஆபத்தை ஐரோப்பிய நாடுகள் 1993 முதல் ஐந்து படிகளாகக் குறிக்கின்றன. ஒன்று என்றால் குறைவு. ஐந்து என்றால் மிக மிக அதிகம். மலையேறுவோரும் சறுக்குவோரும் எந்தப் படியில் அதிகமாக இறக்கிறார்கள் என்று ஊகியுங்கள். ஐந்தாம் படியில் அல்ல. நடுவில் உள்ள மூன்றாம் படியில்! ஐந்து என்றால் எல்லோரும் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். மூன்று என்றால், 'நடுத்தரம்தானே, பார்த்துக்கொள்ளலாம்' என்று கிளம்பிவிடுகிறார்கள். இயற்கையைவிட நம் மனம்தான் கணிக்கக் கடினமானது போலும்! புதைந்தவரைப் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைக்கலாம். அரை மணி கடந்தால் நம்பிக்கை வேகமாகக் குறைகிறது. ஆகவே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு அங்கே இடமில்லை.

நாம் என்ன செய்யலாம்?

என் கருத்தைத் தொகுத்துச் சொல்கிறேன். வானிலைப் பாடத்தில் மேகங்களின் பெயர்களை மனப்பாடம் செய்வது போதாது. எச்சரிக்கையைப் படித்துப் பொருள் கொள்ளவும், அதன்படி நடக்கவும், பிறருக்கு எடுத்துச் சொல்லவும் நம் பள்ளிகள் பழக்க வேண்டும். எந்த எச்சரிக்கையும் 'இந்தப் படி வந்தால் இன்ன செயல்' என்ற கட்டளையோடு சேர்ந்தே வரவேண்டும். அது கூலியாளின் மொழியிலும் வரவேண்டும். இதைக் கேட்கும் உரிமை, பனி விழும் ஊர்க்காரனுக்கு மட்டுமன்று. பனி விழும் இடத்துக்குத் தன் பிள்ளையை அனுப்பும் ஊர்க்காரனுக்கும் உண்டு.

நீங்கள் இன்றே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. நேரான பக்கங்கள் கொண்ட ஒரு பாட்டிலை எடுத்து, மழைமானி செய்யுங்கள். மரமும் சுவரும் மறைக்காத இடத்தில் வையுங்கள். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு, வானிலைத் துறையினர் அளக்கும் அதே நேரத்தில், நீங்களும் அளந்து நோட்டில் குறியுங்கள். பக்கத்தில், முதல் நாள் வந்த முன்னறிவிப்பையும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து எத்தனை முறை சரி, எத்தனை முறை தவறு என்று கணக்கிடுங்கள். தவறானால் மறைக்காதீர்கள், ரிச்சர்ட்சன் மறைத்தாரா?

அதற்குப் பின் நீங்கள் வானிலை நிபுணரைக் கேலி செய்வதானால் செய்யலாம். ஆனால் செய்ய மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்த முறை சுண்ணாம்புக்கல் பள்ளத்தின் ஓரமாக நடந்து போகும்போது, அந்த அடுக்குகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வடக்கே ஆயிரக்கணக்கான கிலோ மீட்டருக்கு அப்பால், யாரோ ஒருவர் இதே போன்ற ஒரு சுவரின் முன் மண்டியிட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியோடு ஒரு பரலை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். கீழே முகாமில் தூங்குபவர்களை எழுப்புவதா வேண்டாமா என்பது அவர் பார்ப்பதில் இருக்கிறது. எழுப்பினால் எழுந்திருப்பது நம் கையில் இருக்கிறது.